ஸலாம் சொன்ன கள்ளி

என் மகள் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் கிடந்த அந்த மாதங்களில், ஒரே படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஏதோ வெளிநாட்டுப் படம். பணக்காரப் பட்டணம் ஒன்றில், பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள் சிலர், நடிகைமாரும் பாடகிமாரும் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவர்களுடைய வீடுகளுக்குள் நுழைகிறார்கள். நடிகை எங்கே போயிருக்கிறாள் என்பதை நடிகையே போனில் படம் போட்டு உலகத்துக்கெல்லாம் சொல்லிவிடுகிறாள். இவர்கள் உள்ளே போய் அவளுடைய சப்பாத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள், சட்டையை மாட்டிப் பார்க்கிறார்கள், அவள் கட்டிலில் உருண்டு படுக்கிறார்கள். வரும்போது கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கடைசியில் பொலிஸ் வருகிறது.

ஒருநாள் தேத்தண்ணியோடு பக்கத்தில் உட்கார்ந்து நானும் முழுதாகப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. "இதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு இதப் போட்டுத் தேய்க்கிறாய்?" என்றேன்.

"உம்மா, அவங்க களவெடுக்கவா போறாங்க? பாக்கத்தானே போறாங்க."

"பாக்கிறவள் கேட்டடியில நிண்டு பாக்கணும்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை, இவளுடைய கூட்டாளி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஒரு வகுப்பு நிறையக் குழந்தைகளின் இரைச்சலுக்கு மேலால் ஏறிப் பழகிய குரல் எனக்கு. வீட்டுக்கு வந்தாலும் அதை இறக்கத் தெரியாது. கணவர் கட்டாருக்குப் போய் வெகுகாலம். வீட்டில் நானும் மகளும்தான். நான் சத்தம் போடுவேன், அவள் சிரிப்பாள், இப்படித்தான் எங்கள் பொழுது போனது.

எங்களுக்குப் பின்தெருவில், எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கென்று ஒரு நட்சத்திரம் இருந்தாள். கலியாணம் முடித்துச் சில வருடங்களான இளம் பெண். சமையல் செய்கிற, வீடு சோடிக்கிற வீடியோக்களைப் போனில் போடுவாள். முகத்தைக் காட்டுவதே இல்லை. குரலும் இரண்டு கைகளும் மட்டும்தான். நீலச் சுவர், அதன் முன்னால் பளிங்கு போல ஒரு மேசை, அதன் மேல் அந்தக் கைகள் வெங்காயம் அரியும், கோப்பையில் தேத்தண்ணி ஊற்றும். விரலில் பச்சைக் கல் வைத்த வெள்ளி மோதிரம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பெட்டைகள் எல்லாருக்கும் அந்தக் கைகளைத் தெரியும். என் மகள் அவளைப் போலவே கோப்பையைப் பிடித்துக் குடிப்பாள், சின்னவிரலை நீட்டிக்கொண்டு. "சுளுக்கிக்கும்" என்று நான் சொல்வேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் பாடசாலையில் இடைவேளை. ஆசிரியர் அறையில் ஒரு போனைச் சுற்றி எல்லாரும் கூடி நின்று சிரிக்கிறார்கள். "டீச்சர், இதக் கேட்டியளா?" என்று என்னையும் கூப்பிட்டார்கள். பின்தெரு நட்சத்திரம்தான் கதைத்துக்கொண்டிருந்தாள். தான் மலைநாட்டுக்குப் போயிருந்த நேரம் வீட்டுக்குள் கள்ளர் புகுந்துவிட்டதாகவும், குசினிக் கமராவில் முகம் விளங்கவில்லை, குரல் மட்டும் பதிந்திருப்பதாகவும் சொன்னாள். "இந்தக் குரல் ஆருட எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்றாள்.

பிறகு அந்தத் துண்டு. குசினிக் கதவு திறக்கிறது. கறுப்புச் சால்வையால் முகத்தைச் சுற்றிய இரண்டு உருவங்கள். முன்னால் வருவது செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக வைக்கிறது. வலது காலை எடுத்து உள்ளே வைக்கிறது. வைத்தவுடன், இராகம் போட்டு இழுத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்கிறது. ஒரு மூச்சு விட்டு, "நாந்தான்" என்கிறது.

அறையே குலுங்கிச் சிரித்தது. "ஒழுக்கமான கள்ளி" என்றார் ஒருவர். "நாந்தான் எண்டு சொல்லிப்போட்டுக் களவெடுக்கிறவள இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அது என் மகள்.

அவள் நாக்குத் திருந்தாத வயதிலேயே, வீட்டுக்குள் நுழைந்தால் ஸலாம் சொல்ல வேண்டும், ஆளில்லாத வீடு என்றாலும் சொல்ல வேண்டும், வானவர்களான மலக்குமார் இருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது நான்தான். "நாந்தான்" மட்டும் அவளாகச் சேர்த்தது. மலக்குமாருக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டாமா என்று அந்த வயதில் கேட்டாள். அன்றிலிருந்து கடைக்குப் போய் வந்தாலும், மத்ரசாவுக்குப் போய் வந்தாலும், கிணற்றடிக்குப் போய் வந்தாலும், வாசலில் ஒரு ஸலாம், பின்னால் ஒரு நாந்தான். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கும்.

அன்றைக்கு மிச்சப் பாடங்களை எப்படிப் படிப்பித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் முதலில் விசாரிப்பதே பெண்ணின் வீட்டையும் பெண்ணின் பேரையும்தான். கள்ளி என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் கலியாணம் கிடக்கட்டும், உயர்தரம் படிக்க வகுப்புக்குப் போய் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் எப்படி இருப்பாள்? யாராவது ஒரு ஆள், "இது டீச்சர்ட மகள்ட குரல்தானே" என்று கீழே எழுதிவிட்டால் போதும்.

முச்சக்கர வண்டியில் வீட்டுக்கு வரும்போது போன் கிணுங்கியது. கட்டாரிலிருந்து கணவர். அதே துண்டை எனக்கு அனுப்பியிருந்தார். சிரிக்கிற முகங்கள் வரிசையாக. கீழே, "நம்மட ஊருக் கள்ளியப் பாத்தியா, ஸலாம் சொல்லிட்டுத்தான் உள்ள வருவாவாம்" என்று எழுதியிருந்தார். பெற்ற பிள்ளையின் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்தேன். வண்டி சந்தி திரும்பும் முன்னமே அதை நினைத்து அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்று மகள் சொல்கிற ஸலாமை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார், பாவம்.

வீட்டில் மகள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அவளும் பார்த்துவிட்டாள் என்று முதுகிலேயே தெரிந்தது. பாடசாலையிலிருந்து வீடு வரைக்கும் அடுக்கிக்கொண்டு வந்த ஏச்சையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எழும்பு" என்றேன். "எழும்பி இரிந்து சொல்லு. ஒண்டும் மறைக்காமச் சொல்லு."

சொன்னாள். நட்சத்திரம் மலைநாட்டுக் குளிரில் நின்று படம் போட்டிருக்கிறாள். வீடு சும்மா கிடக்கிறது என்று இவளுக்கும் கூட்டாளிக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள், ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள் என்று. தெருவால் போகவில்லை. எங்கள் ஊரில் வளவுக்கு வளவு பின்மதிலில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கடப்பு விட்டிருப்போம். பெண்கள் தெருவுக்கு இறங்காமல் கறி கொடுக்க, கதைக்க, பிள்ளையைத் தேட அதற்குள்ளால்தான் போய்வருவோம். அந்த வழியால் மூன்று வளவு தாண்டினால் அவளுடைய குசினிக் கதவு. சாவியைக் கற்றாழைச் சாடிக்குள் வைக்கிறதை அவளே ஒரு வீடியோவில் தெரியாமல் காட்டியிருக்கிறாள்.

"உள்ள போய் என்ன செஞ்சீங்க?"

"அபாயா போட்டுப் பாத்தம். மறுகா மடிச்சு வெச்சிட்டம்."

"மறுகா?"

"அவட கோப்பையில தண்ணி குடிச்சம். இரிந்துதான் குடிச்சம், உம்மா. கழுவிக் கவுத்திட்டுத்தான் வந்தம்."

யா அல்லாஹ், நான் எப்படிக் கோபத்தைப் பிடித்து வைப்பது? நின்றுகொண்டு தண்ணீர் குடிக்காதே, குடித்த கோப்பையைக் கழுவாமல் வைக்காதே என்று இந்த வாயால் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள். கேட்டு, அவ்வளவையும் கொண்டுபோய் இன்னொருத்தியின் வீட்டுக்குள் களவாகப் புகுந்து செய்திருக்கிறாள்.

"எடுத்தது என்ன?"

கூட்டாளி ஒரு அத்தர்ப் போத்தலை எடுத்திருக்கிறாள். வீடியோ வந்ததும் பயந்து அதை என் மகளிடம் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போய்விட்டாள். மகள் எடுத்தது அந்த மோதிரம். தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏன்டி இது?"

"அதப் போட்டா எண்ட கையும் அப்பிடி இரிக்குமா எண்டு பாக்க."

"இரிந்ததா?"

தலையை ஆட்டினாள். இல்லை. அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். குட்டையான விரல்கள், அகன்ற உள்ளங்கை, அப்படியே என் கை. அந்தக் கையை அவள் போர்வைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும். ஆளில்லாத வீட்டுக்குள்ள ஏன்டி ஸலாம் சொன்னாய்?"

"வாயில வந்திட்டு, உம்மா."

"நாந்தான் எண்டு வேற."

"அதுவும் வந்திட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கட்டிலில் இருந்து ஒன்றாக அழுதோம். பிறகு முகத்தைக் கழுவச் சொன்னேன். "வெளிக்கிடு. தெருவால போவம். கடப்பால போனது போதும்" என்றேன். கூட்டாளியின் உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சு வருத்தக்காரி, இதைக் கேட்டால் தாங்க மாட்டார்.

பின்நேரம் அஸர் தொழுதுவிட்டுப் போனோம். கேட்டைத் தட்டினேன். திறந்தவளின் முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். கன்னத்தில் பருக்கள், கண்ணில் தூக்கமில்லை, இடுப்பில் ஒரு குழந்தை. ஸலாம் நான்தான் சொன்னேன். மகள் வாயே திறக்கவில்லை. அவள் பதில் ஸலாம் சொல்லிவிட்டு மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா?"

"ஓம்" என்றாள் மகள். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

உள்ளே கூப்பிட்டாள். மோதிரத்தையும் அத்தரையும் மேசையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கென்று நான் நல்ல வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு போயிருந்தேன். மோதிரத்தையும் மகளையும் அவள் மாறி மாறிப் பார்த்த பார்வையில் என் புத்தி கெட்டுவிட்டது. "எண்ட மகள் செஞ்சது பிழை, ஹறாம். அதுல மறு கதை இல்ல" என்று தொடங்கினேன். "ஆனா ஒரு குமர்ப் பிள்ளைட குரல ஊர் உலகமெல்லாம் போட்டு ஆரு எண்டு கேக்கிறது மட்டும் சரியா? எனக்கிட்ட வந்து கேட்டிரிக்கலாமே."

"உங்களுக்கிட்ட வாறதுக்கு உங்கட மகள் எண்டு எனக்குத் தெரியுமா, டீச்சர்?" என்றாள் அவள். "புள்ளையும் நானும்தான் இந்த வீட்டில. அவர் ரியாத்தில. ஆரோ எண்ட படுக்கையறைக்குள்ள போயிரிக்காங்க, எண்ட உடுப்பப் போட்டிரிக்காங்க. வந்த நாள்ல இருந்து நான் கண் மூடல்ல. விளங்குதா?"

விளங்கியது. குழந்தை மோதிரத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"அத அழிச்சு விடுங்க" என்று கெஞ்சினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒருவரிடமும் கெஞ்சியதில்லை. "இவள்ட பேர் கெட்டுப் போகும். இவளுக்கு இனித்தான் எல்லாம் இரிக்கி."

அவள் போனைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பொய் சொல்லக் கூடாது, டீச்சர்" என்றாள். "எண்ட சமையல் ஒண்டையும் இத்தனை பேர் பாக்கல்ல. கடைக்காரங்க இப்பதான் விளம்பரத்துக்கு எனக்கிட்டக் கதைக்கவே வாறாங்க. அந்த அபாயாவும் ஒரு கடையிட, படம் எடுத்திட்டுத் திருப்பிக் குடுக்கிறது. இத அழிச்சா நான் பழைய இடத்துக்குத்தான் போகணும்."

அவள் மகளின் பக்கம் திரும்பினாள்.

"எண்ட வீட்டுக்குள்ள வந்து என்னத்தப் பாத்தாய், புள்ள?"

மகள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "நீலச் சுவருக்கு அங்கால… பூசாமக் கிடந்தத."

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய வீடியோக்களில் தெரிகிற மூலை மட்டும்தான் நீலம். மற்றச் சுவரெல்லாம் வெறும் கல். கூரைக்கு அடியில் சாக்குக் கட்டியிருந்தது. குழந்தையின் தொட்டில் சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. சீதனமாகக் கொடுத்த வீட்டை அவளுடைய வாப்பாவால் முடித்துக் கொடுக்க ஏலாமல் போயிருக்கிறது.

"ஆருக்குச் சொன்னாய்?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல, ராத்தா. கூட்டாளியக் கூட அந்தப் பக்கம் போக விடல்ல."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றினாள். பிறகு போனை மகளுக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு அந்த வீடியோவை அழித்தாள். "நான் அழிச்சிட்டன்" என்றாள். "ஆனா எத்தின பேர்ட போனுக்குள்ள இரிக்கி எண்டு எனக்குத் தெரியா." போகும்போது தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தோம். மகள் சின்னவிரலை மடித்துக்கொண்டு குடித்தாள்.

அவள் சொன்னது சரி. துண்டு ஊரெல்லாம் சுற்றியது. இறைச்சிக் கடையில் நின்றவன் கடைக்காரனைப் பார்த்து அதே இராகத்தில் ஸலாம் சொல்லி "நாந்தான்" என்பான், எல்லாரும் சிரிப்பார்கள். என் வகுப்புக் குழந்தைகளும் பழகிவிட்டன. கதவடியில் நின்று ஒன்று சொல்ல, மற்றவை கைதட்டும். நான் அதட்டுவேன். ஏன் அதட்டுகிறேன் என்று அவர்களுக்கு விளங்காது.

யாரும் பேர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, கூட்டாளியின் உம்மா, கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். மீன் அரிந்துகொண்டிருந்தவர், தன் பையனின் போனில் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஹயாத்தைக் கொடுக்கட்டும். கொஞ்ச மாதத்தில் ஊருக்கு வேறொரு கதை கிடைத்தது. மகள் உயர்தர வகுப்பில் சேர்ந்தாள். தப்பிவிட்டோம்.

தப்பிவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் குசினியில் திரும்பிப் பார்க்கிறேன், மகள் பின்னால் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "ஸலாம் சொல்லல்லியா?" என்றேன். "சொன்னன், மெல்லச் சொன்னன்" என்றாள். அதற்குப் பிறகு அப்படித்தான். கேட் சத்தம் கேட்கும், செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும், அதற்குப் பின்னால் ஒன்றும் கேட்காது. வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு. அந்த இராகம் ஊருக்குச் சிரிப்பாகிவிட்டது, அவளுக்கு அது வேண்டாமாம். சத்தமாகச் சொல் என்று நான் எந்த வாயால் சொல்வது?

கணவர் அனுப்பிய அந்தத் துண்டு என் போனில் இருந்தது. அழிக்கத்தான் எடுத்தேன், பல தடவை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு அழிப்போம் என்று கேட்பேன். கேட்டால் அழிக்க மனம் வராது. அவளுடைய பழைய குரல் வேறெங்கும் என்னிடம் இல்லை. நாங்கள் ஒரு நாளும் அதைப் பிடித்து வைக்கவில்லை. யார்தான் தன் வீட்டு ஸலாமைப் பதிந்து வைப்பார்கள்?

போன மாதம், கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் சத்தமில்லாமல் வந்து நின்றுவிட்டாள்.

"இன்னும் வெச்சிரிக்கீங்களா, உம்மா?"

"ஓம்."

"அழிங்க."

"ஏலா."

என் முகத்தைப் பார்த்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கினாள். தானே ஒரு தடவை போட்டுக் கேட்டாள். கறுப்புச் சால்வை, ஓரமாக வைத்த செருப்பு, வலது கால், அந்த இழுத்த ஸலாம். இன்னொரு தடவை போட்டாள். தலையைச் சரித்து, அறியாத ஒருத்தியின் குரலைக் கேட்பது போலக் கேட்டாள்.

"நல்ல புள்ளையொண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு, உம்மா" என்றாள்.

"நல்ல புள்ளதான்டி அது" என்றேன்.